திரைக்கதைக்கு ஒரு சாஃப்ட்வேர்... மாங்கனிக்கு ஒரு ஸ்டோரிபோர்டு!

இப்போதெல்லாம் தலத்தெருவில் கண்ணை மூடிக்கொண்டு கல்லெறிந்தால், அது ஒரு டைரக்டர் தலையில்தான் விழும்! கல்யாண வீடியோ எடுக்கிறவர், யூ-டியூப் சேனல் வைத்திருக்கிறவர், கடற்கரையில் நின்று ரீல்ஸ் போடுகிறவர், குறும்படம் எடுத்தே தீருவேன் என்று தாடி வளர்க்கிறவர்... சிவலோகநாதர் கோயில் பக்கம் டீக்கடையில் பத்து நிமிஷம் நின்றால் போதும், மூன்று படத்துக்குக் கதை கேட்டுவிட்டு வரலாம். டீக்குக் காசு மட்டும் நாம்தான் கொடுக்க வேண்டியிருக்கும்.

இவர்கள் எல்லாரும் கேட்கிற ஒரே கேள்வி:

"அண்ணே, ஸ்கிரிப்ட் எழுத எந்த சாஃப்ட்வேர் பெஸ்ட்?"

"என்ன எழுதப்போறே தம்பி?"

"அதை இன்னும் யோசிக்கலைண்ணே. முதல்ல சாஃப்ட்வேரை இறக்கிடலாம்னு..."

சிரிக்காதீர்கள். கல்யாணத்துக்கு முன்னால் மண்டபம் பார்ப்பது போலத்தான் இதுவும். மண்டபம் கிடைத்த தேதியில் முகூர்த்தம் வைக்கிற ஊர் நம் ஊர். ஆனால் மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுத்த பிறகு, 'இங்கே இலை போட்டுப் பரிமாறக்கூடாது, தட்டுதான்' என்று மேனேஜர் சொன்னால் எப்படி இருக்கும்? தமிழில் எழுதுகிறவனுக்கு இந்த சாஃப்ட்வேர்கள் பலவும் செய்கிற வேலை அதுதான். விளக்கமாகவே பார்ப்போம்.

தமிழ் சினிமாவில் கம்ப்யூட்டரில் திரைக்கதை என்றதும் எல்லாரும் சொல்வது 1992-ல் வந்த 'தேவர் மகன்'. கமல்ஹாசன் 'மூவி மேஜிக்' என்ற சாஃப்ட்வேரை வைத்து அதை எழுதினார், இந்தியாவில் அப்படி எழுதப்பட்ட முதல் படம் அதுதான் என்று சொல்வார்கள். ஏழே நாளில் எழுதி முடித்ததாகவும் ஒரு தகவல் உண்டு. உடனே, 'மூவி மேஜிக் வாங்கினால் நமக்கும் ஏழு நாளில் ஒரு தேவர் மகன் வந்துவிடும்' என்று கணக்குப் போடாதீர்கள். அந்த ஏழு நாளுக்குப் பின்னால் முப்பது வருஷத்துக்கு மேலான சினிமா வாழ்க்கை இருந்தது. அது எந்தப் பெட்டியிலும் வராது.

இன்னொரு பக்கம் சத்யஜித் ராய். வங்காளத்துக் கடைக்காரர்கள் வரவு-செலவு எழுதுவார்களே, சிவப்புத் துணி பைண்டு போட்ட கணக்கு நோட்டு, அதில்தான் அவர் திரைக்கதைகளை எழுதினார். பேரேடு எழுதவேண்டிய நோட்டில்! (பி.காம். படித்த எனக்கு இதைக் கேட்டதும் ஒரு புல்லரிப்பு. என் வாழ்நாளில் நான் எழுதிய பேரேடுகள் ஒன்றில்கூட ஒரு நல்ல கதை இருந்ததில்லை. ஆடிட்டருக்குச் சொன்ன கதைகள் தவிர.) 1955-ல் வெளியான 'பதேர் பாஞ்சாலி'க்கு முழுத் திரைக்கதை என்று ஒன்று இல்லவே இல்லை. குறிப்புகள் இருந்தன. கூடவே காட்சி காட்சியாக மையில் தீட்டிய படங்கள். தயாரிப்பாளர்களிடம் அந்தப் படங்களைக் காட்டித்தான் கதை சொன்னார். விளம்பரக் கம்பெனியில் ஓவியராக இருந்தவர், கை பேசியது. பிற்பாடு அந்தப் படப் புத்தகத்தைப் பாரிஸில் உள்ள திரைப்படக் காப்பகத்துக்குக் கொடுத்தார். 1954 வரை பிரெஞ்சுக்காரர்கள் கையில் இருந்த காரைக்காலில் உட்கார்ந்து இதை எழுதும்போது ஒரு சின்ன உரிமை வந்துவிடுகிறது. நம் பழைய துரைமார் வீட்டுக்குத்தானே போயிருக்கிறது!

அந்தப் படங்களுக்குப் பெயர்தான் ஸ்டோரிபோர்டு. 1930-களின் தொடக்கத்தில் டிஸ்னி ஸ்டுடியோவில் கார்ட்டூன் படங்களுக்காகப் பிறந்த பழக்கம். காட்சிகளைத் தனித்தனித் தாளில் வரைந்து சுவரில் வரிசையாகக் குத்தி வைப்பது. பிடிக்காத தாளைக் கிழித்துவிட்டு வேறு தாளைக் குத்தலாம். எடுத்த பிறகு வெட்டுவதைவிட எடுக்கும் முன்பே வெட்டுவது மலிவு, அவ்வளவுதான் தத்துவம்.

சரி, நம் கதைக்கு வருவோம்.

காரைக்காலில் வீடியோ எடுக்கிற யாருக்கும் ஒரு கனவு உண்டு. ஆனிப் பௌர்ணமியை ஒட்டி நடக்கிற மாங்கனித் திருவிழாவை உருப்படியாக ஒரு படம் எடுக்கவேண்டும் என்று. வருஷா வருஷம் ஆயிரம் செல்போன்கள் எடுக்கின்றன. எல்லாவற்றிலும் தெரிவது முன்னால் நிற்கிறவர் தூக்கிப் பிடித்த செல்போன்தான்!

இந்த மாதிரிப் படத்துக்கு இரண்டு பாதி. ஒன்று, கதை. புனிதவதியின் கணவன் பரமதத்தன் கடையிலிருந்து இரண்டு மாம்பழம் கொடுத்தனுப்புகிறான். பசியோடு ஓர் அடியார் வருகிறார். சோறு ஆகிவிட்டது, கறி ஆகவில்லை. அதனால் ஒரு மாம்பழத்தை இலையில் வைக்கிறாள். கவனியுங்கள், அந்தக் 'கறி ஆகவில்லை' என்ற ஒரு வரியில்தான் சேக்கிழார் எவ்வளவு பெரிய திரைக்கதைக்காரர் என்பது இருக்கிறது. பழத்தைக் கொடுத்ததற்குக் காரணம் கிடைத்துவிட்டது. இல்லாவிட்டால் முன்வரிசை ரசிகன், 'புருஷன் அனுப்பிய பழத்தை ஏன் கொடுக்கணும்?' என்று கேட்டிருப்பான். பிறகு கணவன் சாப்பிட உட்கார்கிறான், ஒரு பழம் தின்கிறான், ருசித்துப்போய் இன்னொன்று கேட்கிறான். உள்ளே போகிறாள். வேண்டுகிறாள். கையில் ஒரு பழம் வந்து விழுகிறது.

இங்கேதான் ஸ்டோரிபோர்டு. கேமரா எங்கே? அவள் கையிலா, முகத்திலா, அல்லது கூடத்தில் இலை முன்னால் காத்திருக்கும் கணவன் பக்கமா? கையில் வைத்தால் அது அற்புதம். முகத்தில் வைத்தால் அது ஒரு பெண்ணின் பயம். கணவன் பக்கம் வைத்தால், அடுத்த நிமிஷம் 'இது நான் அனுப்பின பழம் இல்லையே' என்று அவன் கேட்கப்போகிற சந்தேகத்துக்கு அடித்தளம். மூன்றும் மூன்று படங்கள். இதை நடிக்கிற பெண்ணைப் பட்டுப்புடவை கட்டி நிற்கவைத்து, லைட்காரருக்கு மணிக்கணக்கில் கூலி ஏறிக்கொண்டிருக்கும்போது யோசிக்கக் கூடாது. முந்தின வாரம் பேப்பரில் யோசிக்கவேண்டும்.

இரண்டாவது பாதி, திருவிழா. பவளக்கால் சப்பரத்தில் பிச்சாண்டவர் வீதியுலா வருகிறார், வேண்டுதல் நிறைவேறியவர்கள் வீட்டு மாடிகளிலிருந்தும் வாசலிலிருந்தும் மாங்கனி இறைக்கிறார்கள். குழந்தை வரம் வேண்டுகிறவர்கள் கீழே கையை ஏந்தி நிற்கிறார்கள். இதற்கு 'ஒன் மோர் டேக்' கிடையாது. 'சாமி, கொஞ்சம் பின்னாடி போய் மறுபடி வாங்க' என்று பிச்சாண்டவரிடம் சொல்ல முடியாது. தவறவிட்டால் அடுத்த ஆனிதான். இதற்கு வரைய வேண்டியது தெருவின் வரைபடம். சப்பரத்துக்கு எதிரே ஒரு கேமரா, எந்த மாடியில் ஒரு கேமரா (வீட்டுக்காரரிடம் ஒரு வாரம் முன்பே பேசி வைக்கவேண்டும், அன்று காலையில் மாடிப்படி தாண்ட முடியாது), சாயங்காலம் அமுது படையலுக்கு யார் போவது. பழத்தைப் பிடித்த ஒரு பெண்ணின் முகம் கிடைத்தால் படம் ஜெயித்தது. அந்த முகத்துக்காக மட்டும் ஒருத்தர் வேறு எதையும் எடுக்காமல் நிற்கவேண்டும். இதையெல்லாம் எழுதி வைக்க எந்த சாஃப்ட்வேர் வேண்டும்? என் கட்சி: கட்டம் போட்ட ஒரு எக்ஸெல் தாள். இடம், நேரம், ஆள், ஷாட், முடிந்ததா. ஐந்து பத்திகள். செல்போனிலேயே எல்லாரும் பார்த்துக்கொள்ளலாம்.

கதைப் பாதிக்குத்தான் திரைக்கதை சாஃப்ட்வேர். ராஜா, 'ஃபைனல் டிராஃப்ட்'. 1990-களின் தொடக்கத்தில் வந்தது, ஹாலிவுட்டில் இன்றைக்கும் கொடி பறக்கிறது. விலை சுமார் 250 டாலர். நம் காசில் இருபதாயிரத்தைத் தாண்டும். ஒரு கல்யாண வீடியோ ஆர்டரில் கேமராமேன் கூலி, எடிட்டிங், பென் டிரைவ், அல்பம் எல்லாம் போக மிச்சம் நிற்பதை நினைத்துப் பாருங்கள். அந்த இருபதாயிரத்துக்கு ஒரு நல்ல மைக் வாங்கிவிடலாம். படம் மங்கலாக இருந்தால் ஜனங்கள் மன்னிக்கிறார்கள், சத்தம் கேட்காவிட்டால் மன்னிப்பதில்லை.

விலைகூட இரண்டாம்பட்சம். இந்த சாஃப்ட்வேர்கள் எல்லாம் அடிப்படையில் இங்கிலீஷ்காரனின் டைப்ரைட்டரை நினைவில் வைத்துச் செய்தவை. கூரியர் என்ற எழுத்துரு, 12 புள்ளி அளவு, ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரே அகலம். அதனால்தான் 'ஒரு பக்கம் என்றால் திரையில் ஒரு நிமிஷம்' என்ற கணக்கு அவர்களுக்கு ஏறக்குறைய சரியாக வருகிறது. நம் 'ர'வும் 'ணௌ'வும் ஒரே அகலமா? 'வந்துகொண்டிருந்தவனைப் பார்த்ததும்' என்று நாம் எழுதினால் அது பாதி வரியைத் தின்றுவிடும். தமிழில் பக்கக் கணக்கை நம்பி நிமிஷம் போட்டவன் எடிட்டிங் மேஜையில் அழுவான். வாட்சைப் பார்த்துக்கொண்டு உரக்கப் படியுங்கள். மௌனங்களுக்கும் சேர்த்து. வேறு வழியில்லை.

அடுத்தது இன்னும் வேடிக்கை. கதாபாத்திரத்தின் பெயர் எது, வசனம் எது என்று சாஃப்ட்வேர் எப்படிக் கண்டுபிடிக்கிறது? பெயர் முழுக்கப் பெரிய எழுத்தில், கேப்பிடல் லெட்டரில் இருந்தால் பெயர். தமிழில் ஏது பெரிய எழுத்து, சின்ன எழுத்து? ஔவையார் காலத்திலிருந்து நமக்கு எல்லா எழுத்தும் சமம்! ஆகவே 'புனிதவதி' என்று நீங்கள் அடித்தால் அது ஏதோ வர்ணனை என்று நினைத்து இடது ஓரத்தில் கொண்டுபோய் ஒட்டிவிடும்.

இதற்கு ஒரு மருந்து உண்டு. 'ஃபவுண்டன்' என்று ஒரு எழுதும் முறை. 2012-ல் வந்தது. ஹாலிவுட் திரைக்கதாசிரியர் ஜான் ஆகஸ்ட் இதை உருவாக்கியவர்களில் ஒருவர். இது சாஃப்ட்வேரே இல்லை, சாதாரண எழுத்துக் கோப்பில் சில குறிகள் போடும் பழக்கம். பெயருக்கு முன்னால் @ குறி போட்டால் அது கதாபாத்திரம். வரியின் ஆரம்பத்தில் ஒரு புள்ளி வைத்தால் அது காட்சித் தலைப்பு. 'உள்ளே - கூடம் - பகல்' என்று தமிழிலேயே எழுதலாம், முன்னால் ஒரு புள்ளி வைத்தால் போதும். ஆச்சரியக்குறி வைத்தால் வர்ணனை. செல்போனில் நோட்ஸில்கூட எழுதலாம். பிறகு ஃபவுண்டன் புரிகிற எந்த சாஃப்ட்வேரில் திறந்தாலும் அது காட்சி, பெயர், வசனம் என்று பிரித்து அழகாக அடுக்கிவிடும். மாக் வைத்திருப்பவர்களுக்கு 'பீட்' என்று ஒன்று, இலவசம். மற்றவர்களும் ஃபவுண்டன் கோப்பைத் திறக்கும் சாஃப்ட்வேரைத் தேடினால் இலவசமாகவே கிடைக்கும்.

பெங்களூர்க்காரர்கள் செய்த 'ஸ்க்ரைட்' என்பதையும் பார்க்கவேண்டும். நம் நாட்டு மொழிகளில் எழுதுகிறவர்களை மனதில் வைத்தே செய்தது, தமிழும் உண்டு. இங்கிலீஷ் எழுத்தில் அடித்தால் தமிழில் விழும். காட்சிகளைச் சீட்டுச் சீட்டாகத் திரையில் பரப்பி, இதை அங்கே தூக்கி, அதை இங்கே போட்டுப் பார்க்கலாம். 'ஒன்லைன்' பிடிக்கிற நம் உதவி இயக்குநர்களுக்கு இது உடனே புரியும். இறக்குவதற்கு முன் அன்றைய தேதிக்கு எது இலவசம், எதற்குச் சந்தா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். இந்தத் தொழிலில் இலவசம் என்பது பல சமயம் முதல் தவணை.

எதை எடுத்தாலும் முதல் நாளே ஒரு சோதனை செய்யுங்கள். 'கொடுத்தான், கேட்டாள், பௌர்ணமி, ஸ்ரீதேவி' என்று நாலு வார்த்தை அடித்து, பி.டி.எஃப். ஆக மாற்றி, இன்னொருவர் போனில் திறந்து பாருங்கள். கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம், நடுவில் ஒரு புள்ளி வட்டம் என்று 'கொ' உடைந்து கிடந்தால், அந்த சாஃப்ட்வேருக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு அடுத்ததற்குப் போங்கள். ஃபைனல் டிராஃப்டிலேயே 2018-ல் வந்த 11-ஆம் பதிப்பில்தான் யூனிகோடு நுழைந்தது. பழைய தமிழ் ஃபான்ட்டுகளில் அடித்து வைத்த வசனங்கள் உங்களிடம் இருந்தால் முதலில் அவற்றை யூனிகோடுக்கு மாற்றுங்கள். இல்லையென்றால் அம்மையார் பேசுகிற இடத்தில் கேள்விக்குறியும் ஹாஷும் பேசும்.

தமிழ் சினிமாவில் பழகிய இன்னொரு முறையும் இருக்கிறது. பக்கத்தை நெட்டாக இரண்டாகப் பிரித்து, இடது பக்கம் கண்ணுக்குத் தெரிவது, வலது பக்கம் காதுக்குக் கேட்பது. டாக்குமென்டரிக்கும் விளம்பரப் படத்துக்கும் உலகம் முழுக்க இதுதான் வசதி. மாங்கனிப் படத்துக்கு நான் இதையே சிபாரிசு செய்வேன். இடது பக்கம் சப்பரம், வலது பக்கம் நாதஸ்வரம். வேர்டிலோ, கூகுள் டாக்ஸிலோ ஒரு டேபிள் போட்டால் ஆயிற்று. டைப் அடிக்கச் சோம்பலா? போனில் மைக் பட்டனை அழுத்தித் தமிழில் பேசினால் அதுவே எழுதிக்கொள்ளும். நம் காரைக்கால் பேச்சைக் கேட்டு அது சில சமயம் விபரீதமாக எழுதும். சில இடங்களில் நாம் சொன்னதைவிட நன்றாகவும் எழுதும்!

படம் வரைவதற்கு வருவோம். 'ஸ்டோரிபோர்டர்' என்று ஒன்று, 'வொண்டர் யூனிட்' செய்தது, இலவசம். பென்சில், பேனா, பிரஷ், அழிப்பான் என்று ஏழெட்டுக்கும் குறைவான கருவிகள்தான். அதுதான் அதன் பெருமையே. படம் வரையவே வராதா? பொம்மை மனிதர்களை நிற்கவைத்து, உட்காரவைத்து, கேமராவைச் சுற்றிச் சுற்றிப் பார்த்து ஷாட் எடுத்துக்கொள்ளும் வசதி உண்டு. எனக்குப் பிடித்தது வேறு. காலிக் கட்டங்களை அச்சடித்து, பேப்பரில் பென்சிலால் வரைந்து, போனில் போட்டோ எடுத்து உள்ளே கொடுத்தால், கட்டம் கட்டமாக அதுவே பிரித்து எடுத்துக்கொள்ளும். கரண்ட் போன நேரத்தில் வேலை ஓடும். ஆனால் சில வருஷங்களாகப் புதிய பதிப்புகள் பெரிதாக வரவில்லை, அதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஓவியர்கள் பயன்படுத்தும் இலவச 'கிருதா'விலும் இப்போது ஸ்டோரிபோர்டு வசதி இருக்கிறது. பெரிய அனிமேஷன் கம்பெனிகளுக்கு டூன் பூம் நிறுவனத்தின் 'ஸ்டோரிபோர்டு ப்ரோ'. கல்யாண வீடியோக்காரர்கள் அந்தப் பக்கமே போகவேண்டாம்.

இப்போது ஏ.ஐ. வேறு வந்துவிட்டது. 'அது வரையட்டுமே' என்கிறார்கள் தம்பிகள். ஒன்றிடம் நானும் கேட்டுப் பார்த்தேன், 'தமிழ்நாட்டு வணிகர் வீட்டுப் பெண், கையில் மாம்பழம், சமையலறை' என்று. வந்தாள் ஒருத்தி, ராஜஸ்தான் பாவாடை, மூக்கிலிருந்து காதுவரை சங்கிலி, கையில் ஆப்பிளுக்கும் மாம்பழத்துக்கும் பிறந்த ஒரு பழம். அடுத்த கட்டத்தில் அதே பெண்ணைக் கேட்டால் அவளுடைய அக்கா வருகிறாள், மூன்றாவதில் சித்தி. தயாரிப்பாளரிடம் கலர் கலராகக் காட்டுவதற்குச் சரி. ஆனால் அழகான படம் வந்துவிட்டால் அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்துவிடுகிறோம், கேமரா எங்கே என்ற கேள்வியைக் கேட்க மறந்துவிடுகிறோம். தலைக்கு ஒரு வட்டம், உடம்புக்கு ஒரு கோடு, கேமரா நகர்ந்தால் ஓர் அம்பு. இது போதும். முதலில் கட்டம் படுக்கையா, நிமிர்ந்ததா என்று முடிவு செய்யுங்கள். டி.வி.க்கும் யூ-டியூபுக்கும் 16:9, ரீல்ஸுக்கு 9:16. படுக்கைக் கட்டத்தில் வரைந்துவிட்டு நிமிர்த்தி எடுத்தால், பாதிச் சப்பரம்தான் உள்ளே வரும்.

பணக் கணக்கை விட்டுவிட்டால் என் பட்டத்துக்கு மரியாதை இல்லை. ஒரு தடவை கொடுத்து வாங்குவது முதலீட்டுச் செலவு. மாதச் சந்தா என்பது வாடகை. வாடகை வீட்டில் இருப்பதில் தப்பில்லை, வீட்டுக்காரர் காலி பண்ணச் சொன்னால் சாமானைத் தூக்கிக்கொண்டு போக முடியுமா என்பதுதான் கேள்வி. 'அடோபி ஸ்டோரி' என்று ஒன்று இருந்தது, பெரிய கம்பெனி, நம்பி எழுதினார்கள். 2019 ஜனவரியில் மூடிவிட்டார்கள். அமேசான்காரர்கள் 'ஸ்டோரிரைட்டர்' என்று இலவசமாகக் கொடுத்தார்கள். அதே 2019-ல், ஜூனோடு அதுவும் சரி. 'செல்டெக்ஸ்' என்பது ஒரு காலத்தில் நம் குறும்படப் பையன்களின் செல்லம். இலவசமாக இறக்கிக்கொள்ளலாம், நெட் வேண்டாம். அந்தப் பழைய செயலியைக் கைவிட்டு, பிரவுசரில் சந்தா என்று போய்விட்டார்கள். காசு கொடுத்துத்தான் வாங்குவேன் என்கிறவர்களுக்கு 'ஃபேட் இன்' என்று ஒன்று, ஃபைனல் டிராஃப்ட் விலையில் மூன்றில் ஒரு பங்குக்கு ஒரே தடவையாக முடிந்துவிடும். இலவச மாதிரியை இறக்கி, முதலில் அந்த 'கொடுத்தான், கேட்டாள்' பரீட்சை வைத்துவிட்டு வாங்குங்கள்.

எந்த சாஃப்ட்வேரில் எழுதினாலும் வாராவாரம் இரண்டு பிரதி எடுத்துவிடுங்கள். ஒன்று பி.டி.எஃப்., இன்னொன்று சாதாரண எழுத்துக் கோப்பு. இரண்டையும் உங்களுக்கே மின்னஞ்சல் செய்துகொள்ளுங்கள். தேதி பதிவாகும். தேதிக்கு என்ன மதிப்பு என்று கேட்டால், 2018-ல் 'சர்கார்' வந்தபோது நடந்ததை நினைத்துக்கொள்ளுங்கள். 2007-ல் தென்னிந்தியத் திரைப்பட எழுத்தாளர்கள் சங்கத்தில் பதிவு செய்யப்பட்ட 'செங்கோல்' என்ற கதையை வைத்துப் பிரச்னை எழுந்தது. அப்போது சங்கத் தலைவராக இருந்த பாக்யராஜ் இரண்டு கதைகளுக்கும் ஒற்றுமை இருப்பதாகச் சொன்னார், கோர்ட் வரை போய், கடைசியில் சமரசமாகி, டைட்டிலில் பெயர் போட ஒப்புக்கொண்டார்கள். பதினோரு வருஷம் கழித்துக் கை கொடுத்தது ஒரு பதிவு. அதனால் ஸ்கிரிப்ட் முடிந்ததும் பைண்டு போட்டு, முறைப்படி பதிவு செய்துவிட்டு, அப்புறம் டீக்கடையில் கதை சொல்லுங்கள்.

ஆனிப் பௌர்ணமிக்கு இன்னும் நாள் இருக்கிறது. மாடி வீட்டுக்காரரிடம் மட்டும் இப்போதே பேசி வைத்துவிடுங்கள், கடைசி வாரத்தில் அந்த மாடிக்கு ஏழு டைரக்டர்கள் வரிசையில் நிற்பார்கள்.